உப்பு சரியாக இருக்கிறது

பம்ப்காரர் வாழ்நாளில் சொன்ன பொய்களை வரிசையில் நிற்கவைத்தால், கடைசிப் பொய்க்கு அடுத்த ஊரில்தான் இடம் கிடைக்கும். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நீரேற்று நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஓர் அழுத்தமானி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். கண்ணுக்கு வேலை இருந்தது, வாய்க்கு இல்லை. சும்மா கிடந்த வாயில் கதை வளர்ந்தது. பெரிய தொட்டியில் ஒரு மீன் இருந்ததாகவும், மூன்று ஷிப்டுக்கும் அது சரியான நேரத்துக்கு மேலே வந்து எட்டிப் பார்த்ததாகவும், ஒரு தடவை அவர் ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனபோது புருவத்தைச் சுருக்கியதாகவும் சொல்வார். மீனுக்கு ஏது புருவம் என்று கேட்டால், "அதனாலதான் அத மறக்க முடியல" என்பார்.

ஆனால் பதிவேட்டில் மட்டும் அவர் ஒரு பொய்கூட எழுதியதில்லை. மணிக்கு ஒரு பதிவு. நேரம், அழுத்தம், மட்டம், குறிப்பு. அடியில் சுருக்கொப்பம். "வாய் என்னோடது. நோட்டு ஊரோடது" என்பது அவர் கணக்கு.

அவர் மனைவி பிரசவ வார்டில் முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ். வார்டில் எல்லோரும் சிஸ்டர் என்றார்கள், சபையிலும் சிஸ்டர் என்றார்கள், கடைசியில் கட்டிய கணவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். புதிதாக வந்த சிலர் இவர்களை அண்ணன் தங்கை என்று நினைத்து, மரியாதையாகத் தனித்தனி அறையில் படுக்கை போட்டதும் உண்டு. வார்டில் பிரஷர் ஏறிய பெண் யாராவது படுத்திருந்தால், அவள் பிழைத்து எழும்வரை சிஸ்டர் வீட்டு உப்பு டப்பா காணாமல் போய்விடும். அது அவளாக வைத்துக்கொண்ட ஒரு நோன்பு. உப்புக்கும் அந்த நோய்க்கும் அவ்வளவு சம்பந்தமில்லை என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். சிஸ்டர் கேட்டுக்கொண்டாள், டப்பாவை மட்டும் வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் அடுத்த பிள்ளையின் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தன.

அவர்கள் சபையில் ஓய்வுபெற்ற தம்பதிகளை ஒன்றரை வருஷம் தூர தேசத்துக்கு ஊழியத்துக்கு அனுப்புவார்கள். சிஸ்டருக்கு அது இருபது வருஷ ஆசை. முதல் தடவை பெட்டி கட்டிய வாரம் மகன் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். பெட்டியைப் பிரித்தாள். இரண்டாம் தடவை, மகளுக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. பிரித்தாள். மூன்றாம் தடவை அந்தப் பெட்டிக்கே தெரியாமல் பெட்டி கட்டினாள் என்பார் பம்ப்காரர்.

ஊழியத்துக்குச் சில விதிகள் உண்டு. ஜோடியாக வந்தால் ஜோடியாகவே இருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் கூப்பிடு தூரத்தைத் தாண்டி விடக் கூடாது. ஒருத்தர் மட்டும் ஊருக்குப் போக முடியாது. இடையில் கிளம்ப வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கிளம்பினால் அத்தோடு சரி, திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்வது கிடையாது.

வேலை சின்னதுதான், ஆனால் ஓயாது. அந்த நகரத்தில் சபையின் இளம் ஊழியர்கள் தங்கியிருந்த வீடுகள் ஒன்பது. சளி, வயிற்றுவலி, பல்வலி என்று அவர்கள் போன் செய்தால் சிஸ்டர் பதில் சொல்வாள். வீட்டுக்கு வீடு போய்க் குழாய், கேஸ், கட்டில், குளிர்பெட்டி பார்ப்பது பம்ப்காரர் வேலை. கூப்பிடு தூர விதிப்படி இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். மூன்றாம் வீட்டுக் குளிர்பெட்டியில் ஓர் உருளைக்கிழங்கு முளைவிட்டு, கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, சுவரிலிருந்த சுவிட்சை எட்டிக்கொண்டிருந்ததாக அவர் தலைமை அலுவலகத்துக்கே சொன்னார். சிஸ்டர் குறுக்கே பேசவில்லை. அந்தக் கிழங்கை அவளும் பார்த்திருந்தாள்.

இந்தப் பதினான்கு மாதத்தில் ஊரில் அவர்கள் வீட்டுக் காரியங்கள் எல்லாம் அவர்கள் இல்லாமலே நடந்தன. மகன் கல்யாணத்தைப் போனில் பார்த்தார்கள். அங்கே போனைச் சாய்த்துவைத்தவன் யாரோ, அது மல்லாந்து விழுந்துவிட்டது. நாற்பது நிமிஷம் ஒரு மின்விசிறி சுற்றியது. பாதிரியார் ஆசீர்வதிக்கச் சொன்ன நேரத்தில் இரண்டு பேரும் எழுந்து நின்று கையை நீட்டி அந்த மின்விசிறியை மனதார ஆசீர்வதித்தார்கள். அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளன்று பம்ப்காரர் ஐந்தாம் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், சிஸ்டர் டார்ச் அடித்தாள். வளைகுழாயிலிருந்து ஒரு பிடி தலைமுடி வந்தது.

"நாப்பது வருஷத்துக்கு எனக்கு இதான் பரிசா?" என்றார்.

"உங்க தலையில இல்லாததுதான? வெச்சுக்கங்க."

மகள் மறுபடி உண்டாகியிருந்தாள். முப்பத்து நான்கு வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான். குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் இவர்கள் ஊழியம் முடியும், நேரே போய்க் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. வெளியே மழை. சிஸ்டர் குளியலறையில் இருந்தாள்.

"அப்பா, அம்மா எங்க?"

"தலைக்குக் குளிக்கிறா. கூப்பிடட்டுமா?"

"வேணாம். நீங்க மட்டும் கேளுங்க. கத சொல்லாம கேளுங்க."

"சொல்லு."

"பிரஷர் ஏறியிருக்குப்பா. நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூத்திரண்டு. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியிலயே படுக்கச் சொல்லிட்டாங்க."

அழுத்தம் ஏறினால் பம்ப்காரருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. வால்வைத் திறப்பது. பெற்ற மகளுக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் நின்றார்.

"இப்ப எத்தன வாரம்?"

"முப்பது. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"என்னம்மா இது? அவ இதே வேலையா முப்பத்திமூணு வருஷம்..."

"அதுக்குத்தான்ப்பா. சொன்னா அடுத்த நிமிஷம் பெட்டிய எடுப்பாங்க. ரெண்டு தடவ எங்களால பிரிச்சாங்க. மூணாவது தடவையும் நானா இருக்க வேணாம். இன்னும் நாலு மாசம்தான? முடிச்சிட்டு வரட்டும். சத்தியம் பண்ணுங்க."

"என் சத்தியத்த யாரு நம்புவா?"

"நான் நம்புவேன்ப்பா."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தி அவரை நம்பிவிட்டாள்.

சிஸ்டர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "யாரு?"

"பாப்பா."

"என்னவாம்?"

"கத்திரிக்கோல் எங்கன்னு கேட்டா."

"எந்தக் கத்திரிக்கோல்?"

"அவ வீட்டுக் கத்திரிக்கோல்."

"அது எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னுதான் சொன்னேன்."

சிஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மீனுக்குப் புருவம் வைத்த மனுஷன், ஒரு கத்திரிக்கோலுக்குக் கைப்பிடி நிறம்கூடச் சொல்லாமல் விட்டதை அவள் கவனித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை தினமும் அவர் போனுக்கு எண்ணை மட்டும் அனுப்பினார். பம்ப்காரர் கழிவறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார். பார்க்கும்வரை ஒரு பயம், பார்த்த பிறகு வேறு பயம். இவ்வளவு பெரிய சரக்கைத் தனியாகச் சுமக்க அவருக்குத் தெம்பில்லை. யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டும்.

சபை அலுவலகத்தில் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ, சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் தேவையில்லை. வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் சீட்டுகளைப் பிரித்து வாசிப்பாள் ஒருத்தி, எல்லோரும் ஜெபிப்பார்கள். அந்த ஒருத்தி சிஸ்டர்தான். பம்ப்காரர் யோசித்தார். கையெழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினார். ஒரு சீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, நாக்கை இரண்டு தடவை கடித்துக்கொண்டார்.

"நேரம்: காலை 6. அழுத்தம்: 146/92. மட்டம்: இரு கால் வீக்கம். குறிப்பு: பெண், 30 வாரம், படுக்கையில். கவனிக்கவும்."

'கவனிக்கவும்' என்பது ஷிப்டு மாறும்போது அடுத்து வருகிறவனுக்கு அவர் எழுதிவைக்கும் வார்த்தை. கடவுளை அடுத்த ஷிப்டு ஆளாக வைத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. அடியில் சுருக்கொப்பமிடக் கை தானாகப் போனது. பிடித்து நிறுத்தினார். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டார்.

வியாழக்கிழமை சிஸ்டர் அந்தச் சீட்டைப் பிரித்தாள். மற்றச் சீட்டுகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "படுக்கையில இருக்கிற ஒரு பொண்ணுக்காக" என்று மட்டும் வாசித்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. எண்ணை ஏன் வாசிக்கவில்லை என்று அவருக்குக் குறை. அளவு சொல்லாமல் கடவுள் எப்படி வேலை பார்ப்பார்? மற்றச் சீட்டுகள் பெட்டிக்குத் திரும்பின. இது அவள் கைப்பைக்குள் போனது.

மறுநாள் அவர் நாக்கு செத்துப்போயிற்று.

கஞ்சி குடித்தார், உப்பு இல்லை. முட்டை தின்றார், இல்லை. பயறு, உருளைக்கிழங்கு, எதிலும் இல்லை. எதிரே சிஸ்டர் ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் குறை சமையலில் இல்லை, தன் நாக்கில்தான் என்று முடிவுகட்டினார். டீயில் இனிப்புத் தெரிந்தது. குளியலறையில் சோப்பை நக்கிப் பார்த்தார், சோப்பு சோப்பாகவே இருந்தது. உப்பு மட்டும் போய்விட்டது. பொய்யனுக்கு மேலேயிருந்து பார்த்துப் பார்த்துக் கொடுத்த தண்டனை. வெளியே சொன்னால், எப்போதிலிருந்து, எதனால், மனசில் என்ன என்று நர்ஸ் கேள்விகள் வரும். நான்காவது கேள்வியில் பாப்பா வெளியே வந்துவிடுவாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள் சிஸ்டர்.

"சரியா இருக்கு."

அவள் தலையாட்டினாள். அதற்கு முன்னால் நாற்பது வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. இப்போது தினமும் கேட்டாள். தினமும் அவர் சரியாக இருக்கிறது என்றார்.

வாரங்கள் போயின. இரண்டாம் சீட்டு 150/96. மூன்றாவது 152/100. நான்காவது 158/104. மழை விடவில்லை, ஒன்பது வீட்டிலும் துணி காயாமல் நாறியது. பம்ப்காரர் மெலிந்தார். கதை சொல்வது நின்றது. உருளைக்கிழங்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, "தூக்கிப் போட்டாச்சு" என்றார். கேட்டவர்களுக்குப் பயமாகிவிட்டது.

ஏழாம் வீட்டில் இரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக்காரி, இன்னொருத்தி எப்போதும் கொட்டாவி. அங்கே சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் முகத்திலடித்தது.

"பத்து நாளா இப்படித்தான் தாத்தா. பாத்திரம் கழுவப் போனா நாங்களே குளிச்சிடறோம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"ரெண்டு வேலையும் ஒண்ணா முடியுதில்ல, நல்லதுதான்" என்றாள் மற்றவள், கொட்டாவிக்கு நடுவே.

பம்ப்காரர் சிரிக்கவில்லை. "அழுத்தம் ஜாஸ்தி" என்று முணுமுணுத்தார். தொட்டிக்கு அடியில் புகுந்து வால்வைப் பிடித்தார். கால் சுற்றுத் திருப்பினால் போதும். அவர் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று திருப்பிக்கொண்டே போனார். எங்கேயோ ஒரு கட்டிலில் யாருக்கோ இறங்க வேண்டியதை எல்லாம் இங்கே இறக்கிவிடுகிறவர் போலத் திருப்பினார். வால்வின் கழுத்து கையோடு வந்துவிட்டது. வெளிக்குழாயை அடைப்பதற்குள் சமையலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இரண்டு பெண்களும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் கையால் உடைந்த முதல் வால்வு.

திரும்பி வரும்போது பேருந்தில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் தன் சால்வையை அவர்மேல் போட்டாள்.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"வால்வு பழசு."

"சரி" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலை மாப்பிள்ளையிடமிருந்து எண்ணோடு எழுத்தும் வந்தது. 166/110. நாளைக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுத்துடலாம்னு சொல்றாங்க மாமா. பம்ப்காரர் கழிவறையில் உட்கார்ந்தபடி அதை ஏழு தடவை படித்தார். அழிக்க மறந்தார். வெளியே வந்தால், கூடத்தில் பல் டாக்டர்.

பல் டாக்டர்தான் அங்கே ஊழியத் தலைவர். பல் பிடுங்குவதை விட்டு எட்டு வருஷமாகியும், பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பார். உடைந்த வால்வைப் பற்றிக் கேட்க வந்தவரைச் சிஸ்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டாள். சோறு, பயறு, அவித்த முட்டை. பல் டாக்டர் ஒரு வாய் வைத்தார். மென்றார். மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் உப்பு இருக்குமா? போட மறந்துட்டீங்க போல."

பம்ப்காரரின் கை பாதி வழியில் நின்றது. "உங்களுக்கும் தெரியலையா?"

"எது?"

"உப்பு."

"இதுல இல்லையே ஐயா. இருந்தாத்தான தெரியும்?"

பம்ப்காரர் பயறில் விரலை வைத்து நக்கினார். முட்டையை நக்கினார். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். சர்க்கரை இருந்தது, டீத்தூள் இருந்தது. உப்பு டப்பா இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வார்டு, காணாமல் போன டப்பா, பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் சோற்றைத் தின்ற பிள்ளைகள், எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"எத்தன நாளா?" என்றார், திரும்பாமல்.

"முதல் சீட்டுலேருந்து" என்றாள் சிஸ்டர்.

பல் டாக்டர் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்தவர், தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், நின்றுகொண்டே உப்பில்லாமல் சாப்பிட்டார். நல்ல மனுஷர்.

"இடது கையாலதான எழுதினேன்?"

"எந்தக் கையால எழுதினா என்ன? நேரம், அழுத்தம், மட்டம், குறிப்பு. கடவுளுக்கு இப்படிக் கடுதாசி போடறது இந்த உலகத்துல எத்தன பேரு?" அவள் கைப்பையைத் திறந்து நான்கு சீட்டையும் மேசைமேல் வைத்தாள். ஒவ்வொன்றும் நாலாக மடித்து, மடிப்பு நைந்திருந்தது. "நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூத்திரண்டு. அன்னிக்கு நான் அத சத்தமா வாசிச்சிருந்தா அங்கயே உக்காந்திருப்பேன். இன்னிக்கு எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தாறு, நூத்திப் பத்து. நாளைக்கு எடுக்கறாங்களாம்."

சிஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். நர்ஸ் முகம் ஒரு நிமிஷம் வந்தது. கணக்குப் போட்டது. போனது.

"தெரிஞ்சும் ஏன் சிஸ்டர் வாயத் திறக்கல? தினம் தினம் உப்பு சரியா இருக்கான்னு வேற கேட்டியே!"

"உங்க வாயிலேருந்து வரட்டும்னுதான் கேட்டேன். இல்லன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா, ஏன்னு நான் சொல்லியிருப்பேன். நீங்க மனுஷனா? உப்பில்லாத சோத்த நாலு வாரம் ஆஹா ஓஹோன்னு தின்னீங்க."

"நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன். சோப்பக்கூட நக்கிப் பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்து வேறாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிளம்பற விண்ணப்பத்துல எங்கையெழுத்தப் போட்டு அன்னிக்கே தலைவர்கிட்ட குடுத்துட்டேன். உங்க கையெழுத்துதான் பாக்கி. ஆனா எப்படிங்க போறது? பாப்பா உங்களக் கூப்பிட்டா. என்னக் கூப்பிடல."

"உன் ஊழியம் கெடக்கூடாதுன்னுதான்..."

"அது அவ சொன்ன காரணம். எனக்குத் தெரியும். அவளுக்கு அம்மை போட்டப்ப நான் வார்டுல இருந்தேன். முதல் நாள் பள்ளிக்கூடம் போனப்ப வார்டுல இருந்தேன். ஊராம்புள்ளைய எல்லாம் நான் ஏந்தினேன், எம்புள்ளைக்கு நெத்தியில கைவெச்சுப் பாத்தது நீங்க. பயம்னா அவளுக்கு யாரு ஞாபகம் வருமோ அவங்கள கூப்பிட்டிருக்கா. கூப்பிடாத இடத்துக்கு நர்ஸா போகலாம். அம்மாவா எப்படிப் போவேன்?"

பம்ப்காரர் அலமாரிக் கதவைச் சாத்தினார். போனை எடுத்தார். நாலு வாரமாகக் கட்டிக்காத்த சத்தியத்தை, அதை நம்பிய ஒரே ஆளிடமே போட்டு உடைத்தார்.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவர் போனை மேசைமேல் வைத்து, இருவரும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினார்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அம்மா..." என்றாள் பாப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கியது. "பயமா இருக்கும்மா."

சிஸ்டர் வாயைத் திறந்தாள். தலைவலி உண்டா, கண் மங்குதா, நெஞ்சுக்குக் கீழே வலிக்குதா, சிறுநீர் எவ்வளவு போகுது என்று முப்பத்து மூன்று வருஷக் கேள்விகள் வாசலில் வரிசையாக நிற்பதை பம்ப்காரர் பார்த்தார். அவள் அத்தனையையும் விழுங்கினாள். விழுங்கிய பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் திணறினாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் கடைசியில்.

"உப்பே இல்லாம தராங்கம்மா. வாயில வைக்க முடியல."

"இங்கயும் அப்படித்தான்" என்றாள் சிஸ்டர்.

உப்பில்லாத சோற்றுக்கு அர்த்தம் என்ன என்று அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

"வாங்கம்மா" என்றாள் பாப்பா. "உங்க ஊழியம் போனாலும் பரவால்ல. வாங்க."

பின்கட்டிலிருந்து பல் டாக்டர் வந்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பம்ப்காரரின் வாயைப் பார்த்தபடி நீட்டினார்.

விமானத்தில் இரண்டு இருக்கை ஒன்றாகக் கிடைத்தது வெள்ளிக்கிழமைக்குத்தான். போய்ச்சேர இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டியது இவர்கள் இல்லாமல்தான் நடக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். நடுவில் போன். மழை விட்டிருந்தது, அது இன்னும் மோசம், கேட்க ஒரு சத்தம்கூட இல்லை. பத்து மணி. பத்தே முக்கால். "தையல் போட்டு மூடவே முக்கால் மணி ஆகும்" என்றாள் சிஸ்டர், அவர் கேட்காமலே. பதினொன்றே கால். பம்ப்காரர் போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தார். "வைங்க. நீங்க எடுத்திருக்கும்போது அவங்க கூப்பிட்டா?" வைத்தார். பதினொன்றரைக்கு ஏழாம் வீட்டுக் கண்ணாடிக்காரி தொண்டைவலி என்று கூப்பிட்டாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கும்படி சிஸ்டர் ரொம்பவும் பொறுமையாகச் சொன்னாள். வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசைக்குக் கீழே கொண்டுபோனாள். மேசை நடுங்கியது.

பன்னிரண்டு தாண்டி மாப்பிள்ளை கூப்பிட்டார். பெண் குழந்தை. ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், கத்துகிறது. பாப்பாவும் மயக்கம் தெளிந்து கண் திறந்தாள்.

பம்ப்காரர் எழுந்து நின்று மேலே பார்த்துக் கையைக் கூப்பினார். மேலே மின்விசிறி இருந்தது. அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"டப்பாவ எடு சிஸ்டர்."

"இல்ல. குழந்த வந்துட்டா முடிஞ்சுபோச்சுன்னு ஆகாது. இதுக்கப்புறம்தான் சில பேருக்கு வலிப்பு ஜன்னி வரும். மூணு நாள் போகட்டும்." சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சில பேரில் ஒவ்வொருத்தி முகமும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

புதன் 150. வியாழன் காலைக் கூட்டத்தில் பெட்டியில் ஒரு சீட்டு, வலது கையால் எழுதியது, அடியில் சுருக்கொப்பத்தோடு. சிஸ்டர் முழுவதையும் எண்களோடு வாசித்தாள். "நேரம் காலை ஆறு. அழுத்தம் நூத்தி நாப்பது, தொண்ணூறு. மட்டம் வீக்கம் வடிகிறது. குறிப்பு, தாய் எழுந்து நாலடி நடந்தாள். குழந்தை பால் குடிக்கிறது. தொடர்ந்து கவனிக்கவும்." கொட்டாவிப் பெண்கூடக் கொட்டாவியை நிறுத்திவிட்டு ஆமென் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வீடு காலியாக இருந்தது. மூன்று மாதம் பாக்கி வைத்து, அந்தப் பெட்டி மூன்றாவது தடவையும் பாதியில் பிரியப் போகிறது. அடுத்து வரும் ஜோடிக்காக ஒன்பது வீட்டின் குழாய்களையும் பம்ப்காரர் ஒரு நோட்டில் பதிந்துவைத்தார். ஏழாம் வீடு, வால்வு புதிது, குறிப்பு: பழையதை உடைத்தது நான்.

காலையில் வந்த எண் 130/84. சிஸ்டர் அதைப் போனில் இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம் தன் பெட்டியைத் திறந்து, அடியில் துணிக்குள் சுற்றிவைத்திருந்த டப்பாவை எடுத்தாள். அடுப்பில் பயறு கொதித்தது. கடைசிச் சாப்பாடு. அவள் முதுகு மட்டும் அவருக்குத் தெரிந்தது. ஒரு கரண்டி போட்டாள். நின்றாள். போட்டோமா இல்லையா என்று மறந்தவள் போல இன்னொரு கரண்டி போட்டாள். தோள் குலுங்கியது. மூன்றாவதும் போட்டாள்.

தட்டை வைத்தாள். பம்ப்காரர் ஒரு வாய் அள்ளி வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காது வரைக்கும் கரித்தது. கடலில் பாதியை யாரோ அந்தப் பயறில் கவிழ்த்திருந்தார்கள்.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

அவர் மென்று விழுங்கினார். அடுத்த வாய் அள்ளினார்.

"சரியா இருக்கு."

"பொய்" என்றாள் சிஸ்டர். தன் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.